அந்த 39 பேர்

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி, 'நிலாவுக்கே கொண்டுபோனது அறிவுதானே'ன்னு கேட்டுட்டு உட்கார்ந்தார். 1969-ல் நிலாவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங், 1962-ல் தன் இரண்டு வயது மகளை மூளைத்தண்டுக் கட்டிக்குப் பறிகொடுத்தவர் ஐயா! அறுத்தெடுக்க முடியாத இடம். அன்னைக்கும் கதிர்வீச்சு, இன்னைக்கும் முதல் சிகிச்சை கதிர்வீச்சுதான். இந்தக் கட்டி வகையறாவுக்கென்று ஒரு மருந்தை அமெரிக்கா முதன்முதலில் அனுமதித்ததே 2025-ல்தான். சிகிச்சைக்குப் பிறகும் கட்டி வளர்ந்த 50 பேரிடம் சோதித்தார்கள். 11 பேருக்குச் சுருங்கியது. மீதி 39 பேர்? பலன் உறுதியில்லைன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டவங்க! மருந்தைச் செய்வது அறிவு. அது பலிக்குமான்னு பார்க்கத் தன்னையே தருவது தியாகம். எது பெரிசு? நீங்களே சொல்லுங்க, ஐயா!