ஐந்து சான்றுகளும் ஆறாவது எண்ணும்



ஓர் உண்மையை நிலைநாட்ட எத்தனை சான்றுகள் போதும்? 1640 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பேர்மா ஓர் ஒழுங்கைக் கண்டார். 2 இல் தொடங்கி, வரும் எண்ணை அதனாலேயே பெருக்கிச் சென்றால் 2, 4, 16, 256, 65536 எனப் பெறுவோம். ஒவ்வொன்றோடும் 1 ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. இவ்வைந்தும் முதன்மை எண்கள். ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. வரிசை முழுவதும் இவ்வாறே அமையுமென அவர் நம்பினார், நிறுவ இயலவில்லை.

ஆறாவது எண் 4294967297. 1732 இல் ஒயிலர் என்னும் சுவிற்சலாந்து மேதை, அது 641 ஆல் வகுபடும் எனக் காட்டினார். ஈவு 6700417. இவ்வெண்ணின் காரணி எதனையும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவே இருக்கும் என்பதை அவர் பின்னர் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வருவன. ஆகவே ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடும்!

அவ்வரிசையில் 65537 இற்குப் பின் வேறொரு முதன்மை எண் இன்றுவரை காணப்படவில்லை. சான்றுகள் நம்பிக்கையை ஊட்டும். நிறுவலே உண்மையைத் தரும். ஐயமுள்ள நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பார்ப்பார்களாக.