கேஸ் இறக்கும் கை

ஏசி மெக்கானிக் என்றால் கேஸ் போடுகிறவர் என்றுதான் நமக்குத் தோன்றும். போட்ட கேஸைச் சிந்தாமல் திரும்ப எடுக்கிறவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் சில்லரில் நூற்றுக்கணக்கான கிலோ கேஸ் இருக்கும். பழைய சில்லர்கள் பலவற்றில் ஆர்-22 என்ற கேஸ். அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். ஓசோனையும் அரிக்கும். வால்வைத் திறந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். நிறமில்லாத கேஸ், பார்த்தவர் எவருமில்லை. அப்படிச் செய்யாத கைமீது எனக்குப் பெரிய மரியாதை.

தேர்ந்தவர் முதலில் அறையின் மின்விசிறியைப் போடுவார். கேஸ் காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். அடுத்தது, சில்லர் குளிர்விக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் எவாப்பரேட்டரில் கேஸ் திரவமாகக் கிடக்கும்போதே ஆவியை உறிஞ்சினால் அழுத்தம் சரியும், மிஞ்சிய திரவம் கொதித்துக் கடுங்குளிராகும். ஆர்-22 சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 41 டிகிரியிலேயே கொதிப்பது. குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும், சில்லரே பாழ். அதனால் பம்பை ஓடவிடுவார், அல்லது தண்ணீரை முழுக்க வடித்துவிடுவார்.

பிறகு திரவத்தை எடுக்கும் முறை இருக்கிறதே, அது அழகு! கேஸை மீட்கும் ரெக்கவரி மெஷின், கேஸைப் பிடிக்கும் சிலிண்டரின் ஆவியை இழுத்துச் சில்லருக்குள் தள்ளும். அந்த அழுத்தத்தில் திரவம் வேறொரு ஹோஸ் வழியே சிலிண்டருக்கு வந்து சேரும். திரவம் மெஷினுக்குள் போவதே இல்லை. ஆனால் கண் சிலிண்டரை வைத்திருக்கும் தராசிலேயே இருக்க வேண்டும். மெஷினை நிறுத்தினாலும் சில நேரம் திரவம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். சிலிண்டர் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; வெயிலில் திரவம் விரிய இடமில்லாவிட்டால் சிலிண்டர் வெடித்துவிடும். ஒரு கேஸ் இருந்த சிலிண்டரில் இன்னொன்றைக் கலந்தாலோ, இரண்டுமே வீண்.

தராசு முள் ஏறாமல் நின்றதும் ஆவியை உறிஞ்சுவார். கேஜ் வெற்றிடம் காட்டும். அவசரக்காரர் அங்கேயே ஹோஸைக் கழற்றிவிடுவார். தெரிந்தவர் வால்வை மூடிவிட்டுக் காத்திருப்பார். கம்ப்ரசர் எண்ணெய்க்குள் கரைந்திருந்த கேஸ் மெல்ல வெளிவர, கேஜ் முள் மறுபடி எழும். ஹீட்டரைப் போட்டு எண்ணெயைச் சூடாக்குவார், மறுபடி இழுப்பார், மறுபடி காத்திருப்பார். முள் அசையாமல் நின்ற பிறகே ஸ்பானரைக் கையில் எடுப்பார்.