அரும்புன்னா பாஸா, பெயிலா?



எம்.சி. ராஜாவை நினைத்துப் பேசுவதற்குச் சைதாப்பேட்டை பொருத்தமான இடம். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரி மாணவர் விடுதி இங்கேதான் இருக்கிறது. மேடையேறினால் அவரைப் பற்றி 1920-இல் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது, 1922-இல் ஆதிதிராவிடர் என்ற பெயருக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது, 1932-இல் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் போட்டது என்றே பேசுகிறோம். கடைசியாகச் சொன்னதில் நமக்கு அவரோடு உடன்பாடு இல்லை என்பதையும் சேர்த்தே பேசுகிறோம். ஆனால் அவர் தொழிலால் ஒரு பள்ளி ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். இன்று அந்த ஆசிரியரை மனதில் வைத்து, பிள்ளைகளைப் பற்றி எடுக்கப்படும் கணக்குகளைப் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

அடையாற்றங்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். இரண்டு ஆண்டுக்கு முன்பு ஒரு தாய் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர். "அண்ணா, பாப்பா அரும்புல இருக்குதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. அரும்புன்னா பாஸா, பெயிலா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் எந்த நிலையில் கற்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு முன்னால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துப் பயனில்லை, அதன் நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் கருத்து. நல்ல கருத்து. நாங்கள் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு ஒரு பூவின் பெயர் மட்டும்தான் கிடைத்தது. மகளுக்கு எது வருகிறது, எது வரவில்லை, நாளைக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பது அவர் கைக்கு வந்து சேரவே இல்லை.

அந்தக் குழந்தையிடம் ஒரு கணக்குக் கொடுத்தோம். 52-இலிருந்து 27 போனால்? 35 என்று எழுதினாள். 81-இலிருந்து 46? 45. இரண்டுமே தவறு. மதிப்பெண் போட்டால் பூஜ்யம். ஆனால் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது என்றதும் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டாள். பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்குவது மட்டும்தான் அவளுக்கு விளங்கவில்லை. பூஜ்யம் என்ற எண் இந்தச் செய்தியை விழுங்கிவிடுகிறது. தவறு என்ன மாதிரித் தவறு என்று எழுதி வைத்தால், அடுத்த நாள் தீக்குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டி எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

இதில் இன்னொன்றும் உண்டு. அதே பெண் மாலையில் பாட்டியோடு பூக்கூடை அருகே உட்காருகிறவள். 27 ரூபாய்க்குப் பூ வாங்கி 50 ரூபாய் நோட்டை நீட்டினால், முப்பதுக்கு மூன்று, ஐம்பதுக்கு இருபது என்று விரலை மடக்கி 23 ரூபாயைச் சரியாகத் திருப்பித் தருவாள். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் பிறரோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அந்தப் பிள்ளைகள் வியாபாரத்தில் சிக்கலான கணக்கை மனத்தாலேயே போடுகிறார்கள், அதையே பள்ளிப் பாணியில் கேட்டால் தடுமாறுகிறார்கள் என்று சொன்னது. பள்ளியில் மட்டுமே படிக்கும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் சேர்த்துச் சொன்னது. நம் தெருக்காரர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனாலும் பூக்கூடைக் கணக்கைப் பதிவு செய்ய எந்தப் படிவத்திலும் இன்னும் கட்டம் இல்லை.

தோழர்களே, நம்மைப் பற்றிக் கணக்கெடுப்பது இன்று தொடங்கியதல்ல. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அந்த மாவட்டத்தின் தலைமையிடம் அப்போது இந்தச் சைதாப்பேட்டைதான். குடிசை, கூலி, கடன், படிப்பு எல்லாவற்றையும் விவரமாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கான ஆணை வந்தது. 1894-இல் ஆல்காட் அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூரில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் வந்தன.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து, 1919-இல் மாகாண அரசு ஓர் ஆணை வெளியிட்டது. பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் 609-இல் மட்டுமே பஞ்சமப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள் என்பது அதில் வந்த கணக்கு. ஏன் என்று தேடினால், பள்ளி இருந்த இடம் அக்கிரகாரம், கோயில், சாவடி. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாசலே அடைத்திருந்ததைச் சொல்லவில்லை. அந்த ஓர் எண் குற்றத்தைப் பிள்ளையின் தலையிலிருந்து எடுத்துக் கட்டடத்தின் மீது வைத்தது. சட்டமன்றத்தில் ராஜா பேசியபோது அவர் பின்னால் இப்படிப்பட்ட எண்கள் இருந்தன. நல்ல கணக்கு எது என்று எங்களைக் கேட்டால் இந்த 609-ஐத்தான் காட்டுவோம்.

கெட்ட கணக்கும் உண்டு. அதை நம்மில் பலர் வகுப்பறையிலேயே அனுபவித்திருக்கிறோம். உதவித்தொகைப் படிவம் வந்தால், "எஸ்.சி. எல்லாம் எழுந்திரு" என்று ஒரு குரல் கேட்கும். எழுந்து நின்ற அந்த அரை நிமிடத்தில் வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்ட பாடம் எந்தத் தேர்விலும் வராதது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைக் குறித்து மாணவரை அழைக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. சாதிவாரிக் கணக்கு நமக்கு வேண்டும், அது இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை, 609-உம் இல்லை. ஆனால் அது இருக்க வேண்டிய இடம் அலுவலகக் கோப்பு. பக்கத்து பெஞ்சுக்காரன் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது.

இப்போது எமிஸ் வந்திருக்கிறது. பிள்ளைக்கு ஓர் எண், வருகை முதல் மதிப்பீடு வரை எல்லாம் செல்போனில். இதில் சேர்ந்த வேலைச்சுமை பற்றி ஆசிரியர் சங்கங்கள் பல தடவை முறையிட்டிருக்கின்றன. எங்களோடு வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியை, "பதிவேற்றி முடிப்பதற்குள் சொல்லித்தர வேண்டிய நேரம் போய்விடுகிறது" என்பார். நமக்கு அதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் லாரி வந்த வீடுகள் உண்டு. பழைய பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டு, புதிய பள்ளியில் சேராத பிள்ளையின் பெயர் எமிஸில் 'காமன் பூல்' என்ற இடத்தில் கிடக்கும். அங்கே இந்த மாதிரிப் பெயர் பல கிடக்கும். ஒன்று குடும்பத்தோடு ஊர் மாறியது, ஒன்று வேலைக்குப் போனது, இன்னொன்று வீட்டை இடித்ததால் போனது. எல்லாம் சேர்ந்து இடைநிற்றல் என்ற ஒரே எண். 609 கட்டடத்தைக் காட்டியது. இந்த எண் புல்டோசரைக் காட்டுவதில்லை.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில், பள்ளியில் தோற்று வெளியேறிய விவசாயக் குடும்பத்துப் பையன்கள் எட்டுப் பேர் 1967-இல் தங்கள் ஆசிரியைக்கு ஒரு புத்தகமே கடிதமாக எழுதினார்கள். தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. கோபத்தை மட்டும் எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரசின் புள்ளிவிவரத்தையே எடுத்து, யார் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் தோற்கிறது என்று அட்டவணை போட்டுக் காட்டினார்கள். கணக்கெடுக்கப்பட்டவர்கள் கணக்கெடுத்தார்கள்.

அதைப் படித்துவிட்டு எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தோம். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, அவர்களே எழுத வேண்டும். பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு படம்: மீன், பட்டம், ஆட்டோ. எதற்காக வரவில்லை என்று எழுதப் பிடிக்காவிட்டால் கோடு போட்டுவிடலாம். ஒரு மாதம் கழித்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அண்ணா, தண்ணி லாரி வர்ற அன்னிக்கு ஒரு கேர்ள்ஸும் வரலை" என்றாள். நாங்களோ அந்தப் பெண்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது. அந்த நாட்களில் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம். முழுதாகத் தீரவில்லை, தண்ணீர் பிடிக்கும் வேலை பையன்களுக்கும் உண்டு என்று வீடுகளில் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு இன்னும் நடக்கிறது.

அரும்பு என்று கேட்ட தாய்க்கும் அந்த நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கினோம். அவருக்கு வாசிக்க வராது, மகள் வாசித்துக் காட்டுகிறாள்: எனக்குக் கழித்தல் வருகிறது, கடன் வாங்கத் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு அவர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனார். அந்தக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர், தலைவரும் ஒரு தாய்தான். கூரை ஒழுகுவதைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் பேச்சு முடிந்த பிறகு, "எங்க பாப்பாவுக்குக் கடன் வாங்குற கணக்கு எப்போ சொல்லித் தருவீங்க?" என்று கேட்டிருக்கிறார். முதலில் சிலர் சிரித்தார்களாம். அந்த வாரமே ஆசிரியை அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தார். பிள்ளையிடம் கேட்டால், வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியாமல்தான் இருந்தது என்கிறாள்.

விடுதித் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை கணக்குச் சொல்லித்தர எங்களுக்கு ஆள் போதவில்லை. கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் நோட்டு இருக்கும், பெயர் எழுதிவிட்டுப் போங்கள். படம் வரைந்தாலும் சரி.