கொடி நாட்டினால் உறுதி ஆகுமா?



அயலவர் ஒருவர் நமது காணிக்குள் இரவோடிரவாகக் கதியால் நாட்டி, தமது நிலம் என்றால் நாம் ஒப்புவோமா? உறுதி எங்கே என்று கேட்போம். 2007 ஆகஸ்ட் 2ஆம் நாள் ருஷ்ய நாட்டார் நீர்மூழ்கிக் கலங்களில் இறங்கி, வடதுருவத்தில் 4,200 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் தமது கொடியை நாட்டினர். அங்கும் எழுவது இதே கேள்விதான்.

கொடி உறுதியாகாது. கண்டமேடை மீது கரையோர அரசுக்குள்ள உரிமை கைப்பற்றுவதையோ பிரகடனஞ் செய்வதையோ பொறுத்ததன்று என 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட சாசனம் விதிக்கின்றது. 200 கடல் மைலுக்கு அப்பால் உரிமை கோரும் அரசு, அக்கடலடி தனது தரையின் இயற்கைத் தொடர்ச்சியே என்பதை 21 நிபுணர் கொண்ட ஆணைக்குழுவின் முன் சான்றுகளால் நிறுவுதல் வேண்டும்.

இவ்வழக்கின் நடுவே கிடப்பது லொமொனோசொவ் என்னும் கடலடி மலைத்தொடர். ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் நீண்டு, சைபீரியப் பக்கத்தையும் கிறீன்லாந்து, கனடாப் பக்கத்தையும் அது இணைக்கின்றது. ருஷ்யா 2001இலும், திருத்தி 2015இலும், டென்மார்க் 2014இலும், கனடா 2019இலும் கோரிக்கை சமர்ப்பித்தன. அவை ஒன்றன்மேலொன்று படிகின்றன. ஆணைக்குழு மேடையின் விளிம்பைப் பற்றிப் பரிந்துரைக்கலாம். அரசுகளிடையே எல்லை பிரிக்கும் அதிகாரம் அதற்கில்லை. அதனை அவ்வரசுகளே பேசித் தீர்த்தல் வேண்டும்.

இத்தனை ஆவலும் ஏன்? உலகில் இன்னும் கண்டறியப்படாத இயற்கை வாயுவில் ஏறத்தாழ 30 வீதமும் எண்ணெயில் 13 வீதமும் வடதுருவ வட்டத்துள் இருக்கலாமென அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிலையம் 2008இல் மதிப்பிட்டது.

அதே ஆண்டில் ருஷ்யா, கனடா, டென்மார்க், நோர்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து அரசுகள் கிறீன்லாந்தின் இலுலிசாற் நகரிற் கூடிப் பிரகடனஞ் செய்தன. அந்தப் பனிக்கடலில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்துவரும் இனுயிற் மக்களோ, தமக்குரிய இடம் அதில் அளிக்கப்படவில்லை என 2009இல் தமது சொந்தப் பிரகடனத்தில் முறையிட்டனர். வடதுருவத்தின் இறைமையைப் பற்றிய பேச்சினைத் தமது சுயநிர்ணய உரிமையிலிருந்து பிரித்தல் இயலாதெனவும் உரைத்தனர்.

அவர்கள் முறையீட்டோடு நின்றுவிடவில்லை. 2009இல் நடைமுறைக்கு வந்த கிறீன்லாந்துத் தன்னாட்சிச் சட்டம், அத்தீவின் மக்களைச் சுயநிர்ணய உரிமையுடைய ஓர் இனமாக ஏற்றது. கனிவளங்களின் பொறுப்பு 2010இல் அவர்கள் கைக்கு வந்தது.

அரசுகளின் சான்றுகளை நிபுணர் அளந்து பார்க்கட்டும். ஆனால் அக்கரையிலே குடியிருந்து அக்கடலால் உயிர் வாழ்வோரைக் கேளாது செய்யப்படும் பங்கீட்டினை நீதியான பங்கீடென நாம் ஒருபோதும் ஒப்புவதற்கில்லை.