சாவிலும் வேற்றுமை



சங்கரன்கோவிலில் கூடியுள்ள இச்சபையின் முன் ஒரு கணக்கை வைக்க விரும்புகிறேன். 1918ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இன்புளூயன்சா என்னும் விஷக்காய்ச்சல் இந்தியாவினுள் நுழைந்தது. அதற்கு இரையானோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். பம்பாய் நகரின் சாவுகளை மாநகராட்சிச் சுகாதார அதிகாரி வகுப்புவாரியாகப் பதிந்தார். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, சாதி இந்துக்கள் 18.9, ‘தாழ்ந்த சாதியார்’ என்று குறிக்கப்பட்டோர் 61.6!

கிருமி சாதி கேட்பதில்லை. பின் இவ்வேற்றுமை எவ்வாறு வந்தது? காற்றுப் புகாத நெருக்கமான குடியிருப்பு, மழை பொய்த்த ஆண்டின் அரைவயிறு, நோயுற்றோரைப் பேணுதற்கு ஆளின்மை ஆகிய இவையே சாவைப் பெருக்கின.

காலராவின் கதையும் இதுவே. அது நீரால் பரவும் நோய். நல்ல கிணறு மறுக்கப்பட்டவன் குட்டைநீரைக் குடித்தான், மாண்டான். பொதுக்கிணறுகளையும் சாலைகளையும் யாவருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் கொண்டுவந்தார். அது மானங்காக்கும் உரிமை மட்டுமன்று, உயிர்காக்கும் உரிமையுமாகும்.

இளைஞர்களே! பம்பாய்க் கணக்கு எழுதப்பட்டமையால் அநீதி வெளிப்பட்டது. எழுதப்படாத சாவுக்கு நீதி கேட்பார் எவர்? நம் தெருவில் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதியச் செய்யுங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, சாக்கடை எங்கே தேங்குகிறது எனக் குறித்து, நகராட்சியிடம் எடுத்துச் செல்லுங்கள். செவிலியராக, சுகாதார ஆய்வாளராக, மருத்துவராக உயருங்கள். கற்றோர் தம் தெருவின் கணக்கையும் கைக்கொள்வாராயின், இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வீண்போகாது.