ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தம்

தமிழகத்தை விட்டுத் தில்லியின் கரோல்பாக்கிலும், மும்பையின் மாதுங்காவிலும், அகமதாபாத்தின் மணிநகரிலும், இன்னும் எத்தனையோ ஊர்களிலும் குடியேறி வாழும் நம் வீடுகளில் இந்நாளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. மகனோ மகளோ மேற்படிப்பின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ கடல் கடக்க எண்ணுகின்றனர். பட்டம் இருக்கின்றது, கடவுச்சீட்டும் இருக்கின்றது. ஆனால், வாயிலில் ஒரு பரீட்சை வழிமறித்து நிற்கின்றது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்க்கென்றே அமைந்த ஆங்கிலப் பரீட்சை அது. அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதைக் குறித்தே இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

"முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்த எனக்கு எதற்கு இந்தப் பரீட்சை?" என்று இளைஞர் சினங் கொள்வதுண்டு. அச்சினத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பாடத்தை ஆங்கிலத்தில் படித்து ஒப்புவிப்பது ஒன்று. முன்பின் அறியாத ஒருவர் கேட்கும் கேள்விக்கு அந்த நொடியிலேயே நம் கருத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பது மற்றொன்று. முன்னதில் நாம் நெடுநாள் பழகியவர்கள். பின்னதில் பழக்கம் குறைவு. பரீட்சை சோதிப்பதோ பின்னதைத்தான்.

இத்தகைய பரீட்சைகள் நேற்று முளைத்தவை அல்ல. 1913-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் பிறமொழியாளர்க்கென ஓர் ஆங்கிலத் தேர்வை முதன்முதலாக நடத்தினர். ஏறத்தாழ 12 மணி நேரத் தேர்வு அது. ஒலியியல், இலக்கணம், இலக்கியம், கட்டுரை, மொழிபெயர்ப்பு, வாய்மொழி என அனைத்தும் அதில் அடங்கியிருந்தன. எழுத வந்தவர் மூவர். மூவருள் ஒருவரும் தேறவில்லை! எனவே, முதன்முறை தவறியவர்கள் மனம் உடைய வேண்டுவதில்லை. அவர்களுக்குப் பழமையான துணை உண்டு.

இன்று நம்மவர் மிகுதியாக எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் பரீட்சையாகும். 'ஐயெல்ட்ஸ்' என்றே அதனை வழங்குகின்றனர். 1989-ஆம் ஆண்டு முதல் இப்பெயரில் அது நடந்து வருகின்றது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று அதற்கு நான்கு பகுதிகள். கேட்டலுக்குச் சுமார் 30 நிமிடம், 40 வினாக்கள். படித்தலுக்கு 60 நிமிடம், அங்கும் 40 வினாக்கள். எழுதுதலுக்கு 60 நிமிடத்தில் இரண்டு எழுத்துப் பணிகள். பேசுதலுக்கு 11 முதல் 14 நிமிடம். ஒவ்வொரு பகுதிக்கும் 9 வரையிலான அளவில் 'பேண்டு' என்னும் தரமதிப்பு வழங்குவார்கள். நான்கின் சராசரி ஒட்டுமொத்த மதிப்பாகின்றது. தேர்ச்சி, தோல்வி என்ற சொற்களே அங்கு இல்லை. எவ்வளவு வேண்டும் என்பதை நாம் சேர விரும்பும் கல்விநிலையமோ, தொழிலமைப்போ, அந்நாட்டு அரசோ முடிவு செய்கின்றது.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். நமக்கு நன்கு தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். செவிலித் தொழிலில் ஆறாண்டு அனுபவமுடையவள். அவள் இப்பரீட்சையில் கேட்டலில் 7.5, படித்தலில் 7, பேசுதலில் 7, எழுதுதலில் 6 பெற்றாள். ஒட்டுமொத்தம் 7 என்று வந்தது. வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால், அவள் விண்ணப்பித்த இடத்தில் ஒட்டுமொத்தம் 7 என்பதோடு, எப்பகுதியிலும் 6.5-க்குக் குறையலாகாது என்பதும் விதி. அரை மதிப்பினால் அவ்வாண்டு வாய்ப்பு கைநழுவிற்று. கட்டணத்திற்காகத் தாயார் அடகு வைத்த வளையல் மீளவில்லை என்பதை நாம் பின்னரே அறிந்தோம். ஆகவே, புத்தகத்தைத் தொடுமுன் செய்ய வேண்டிய முதற்பணி, வேண்டிய மதிப்பு எவ்வளவு என்பதைப் பகுதிவாரியாகக் கேட்டுத் தெரிந்து எழுதி வைத்துக்கொள்வதே.

அப்பெண் எழுத்தில் ஏன் குறைந்தாள்? பயிற்சி நிலையம் ஒன்றில் நாற்பது கட்டுரைகளைக் கொடுத்து உருப்போடச் சொன்னார்கள். அவளும் இரவு பகலாக உருப்போட்டாள். பரீட்சையில் வந்த வினாவோ, "நகரங்கள் சாலைகளை விரிவாக்கப் பணம் செலவிட வேண்டுமா, இரயில் வசதியைப் பெருக்க வேண்டுமா?" என்பது. அவளிடம் இருந்ததோ போக்குவரத்து நெரிசலின் தீமைகளைப் பற்றிய கட்டுரை. அதனை அப்படியே எழுதிவிட்டாள். பிழையில்லாத கட்டுரைதான், ஆனால், கேட்ட கேள்விக்கு அதில் விடை இல்லை. வழி கேட்டவனுக்கு ஊர்ப் பெருமையைச் சொன்ன கதையாயிற்று. எழுத்தை மதிப்பிடுவோர் நான்கு செய்திகளைச் சமமாகப் பார்க்கின்றனர்: வினாவுக்கு விடை அமைந்துள்ளதா, கருத்துகள் தொடர்புடன் செல்கின்றனவா, சொல்வளம் எத்தகையது, இலக்கணம் எவ்வாறுளது என்பனவாம். உருப்போட்ட கட்டுரை முதற்படியிலேயே வழுக்கி விழுகின்றது.

நாம் நம் அனுபவத்தையே எண்ணிப் பார்ப்போம். திருமணமாகி வடநாட்டுக்கு வந்த நம் தாய்மார்கள் இந்தியோ மராத்தியோ எவ்வாறு கற்றார்கள்? காய்கறிக்காரரிடம் விலை பேசிக் கற்றார்கள். அண்டை வீட்டாரோடு குழாயடியில் பேசிக் கற்றார்கள். பிழை நேர்ந்தது, பிறர் சிரித்தார்கள், இவர்களும் உடன் சிரித்தார்கள், மறுநாள் அப்பிழை வரவில்லை. தேவைக்குப் பயன்படுத்தியதனால் மொழி வந்தது. வேறு மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இந்த வித்தை புதிதன்று. அதனையே ஆங்கிலத்துக்கும் கையாள வேண்டும் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

கேட்டலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவை ஒரே முறைதான் கேட்கலாம். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் எனப் பல நாட்டார் உச்சரிப்பும் அதில் வரும். நமக்குள்ள இடர் ஒன்றுண்டு. தோளில் மாட்டும் பை, முதுகு, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்றுக்குமுரிய ஆங்கிலச் சொற்களையும் தமிழெழுத்தில் 'பேக்' என்றே எழுதுவோம். மேற்குத் திசையும் உள்ளே அணியும் பனியனும் நமக்கு 'வெஸ்ட்' தான். எழுத்து ஒன்றாயிருத்தலால் காதும் ஒன்றாகவே கேட்கப் பழகிவிடுகின்றது. பதின்மூன்றும் முப்பதும் மயங்குவதும் அவ்வாறே. இதற்கு மருந்து வானொலியின் ஆங்கிலச் செய்தியே. நாள்தோறும் பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு ஒரு முறை கேளுங்கள். எண்களையும் பெயர்களையும் மட்டும் குறியுங்கள். ஒரு திங்களில் காது கூர்மையடைவதை நீங்களே உணர்வீர்கள். விடை எழுதும்போது எழுத்துப்பிழை நேர்ந்தால் மதிப்பு இல்லை. "இரண்டு சொற்களுக்கு மேற்படாமல்" என்றால் மூன்றாம் சொல் எழுதலாகாது. தவறான விடைக்குக் கழித்தல் இல்லையாதலால், எவ்விடத்தையும் வெறுமையாக விடவும் வேண்டா.

படித்தலில் நம்மை மயக்குவது ஒரு வகை வினா. ஒரு கூற்றைத் தந்து, அது சரியா, தவறா, பத்தியில் கூறப்படவில்லையா என்று கேட்பார்கள். "ஊர் நூலகம் மாலையில் மட்டுமே இயங்கியது" என்று பத்தியில் இருப்பதாகக் கொள்வோம். "நூலகம் காலையிலும் இயங்கியது" என்பது தவறு. "நூலகத்தில் கட்டணம் வாங்கவில்லை" என்பது என்ன? 'ஊர் நூலகத்தில் யார் கட்டணம் வாங்குவார்கள்?' என்று நம் உலகியலறிவு 'சரி' எனச் சொல்லத் தூண்டும். பத்தியோ அதைப்பற்றி வாய் திறக்கவேயில்லை. எனவே, 'கூறப்படவில்லை' என்பதே விடை. நமக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்து, எழுதியிருப்பதை மட்டும் படிக்கும் பயிற்சி இது. பரீட்சைக்குப் பின்னும் வாழ்க்கைக்குப் பயன்படும் பயிற்சி என்றே நாம் கருதுகின்றோம்.

சொல்வளம் என்றவுடன் சிலர் அகராதியில் கிடைக்கும் அரிய சொற்களைத் தேடி மனனம் செய்கின்றனர். வங்காளத்தில் பல ஆண்டுகள் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர், பிறமொழியாளர் முதலில் கற்க வேண்டிய சொற்களைத் தொகுத்து 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் அடங்கியவை சுமார் 2000 தலைச்சொற்களே. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களில் எது மிகுதியாக வழங்குகின்றது என்பதையும் அவர் அதில் காட்டினார். உயர்ந்த மதிப்புக்கு இவை மட்டும் போதா என்பது உண்மையே. ஆயினும், எளிய சொல்லைச் சரியான இடத்தில் வைப்பது அரிய சொல்லைப் பொருந்தாத இடத்தில் வைப்பதினும் மேலானது.

எழுதுதலில் முதற்பணிக்கு 150 சொற்கள், இரண்டாவதற்கு 250 சொற்கள் குறையாமல் வேண்டும். இரண்டாவதற்கு மதிப்பு இருமடங்கு. ஆதலால், நேரத்தையும் 20 நிமிடம், 40 நிமிடம் எனப் பகுத்துக்கொள்ள வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் இறுதியில் வந்து பொருளை முடிக்கும். கட்டுரையிலும் நம் முடிவைக் கடைசிவரை ஒளித்து வைக்க நாம் விரும்புகின்றோம். இப்பரீட்சையிலோ நம் நிலை இன்னதென்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுவது நலம். பின்னர்க் காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கலாம். 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களுக்கு நேரானவை தமிழில் இல்லாமையால் அவை நம் கைக்கு வாரா. 'ஒன்றைப் பற்றி விவாதித்தல்' என்னும் நம் வழக்கினால் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகின்றோம். அந்த 'அபவுட்' மிகை. 'நேற்றுத்தான் வந்தேன்' என்பதிலுள்ள 'தான்' நம் ஆங்கிலத்தில் 'ஒன்லி' ஆகிக் கடைசியில் ஒட்டிக்கொள்கின்றது. இவை அறிவின்மையால் வருவன அல்ல; தாய்மொழியின் தடங்கள். தடத்தை அறிந்தால் திருத்துவது எளிது. கணிப்பொறியில் எழுதுவோர்க்குப் பிழை திருத்தித் தரும் வசதி அங்கு இராது என்பதையும் நினைவிற் கொள்க.

பேசுதலில் முதலில் நம் ஊர், வீடு, பணி குறித்த கேள்விகள்; அடுத்து ஓர் அட்டையைத் தந்து, ஒரு நிமிடம் சிந்திக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள்; முடிவில் அதனையொட்டி ஆழ்ந்த உரையாடல். ஆங்கிலேயனைப் போலப் பேச வேண்டுவதில்லை. கேட்பவர்க்கு விளங்கப் பேசினால் போதும். நாவை வலிந்து திருகிப் பேசுவது நகைப்புக்கே இடமாகும். ஒப்புவிக்கும் விடையைத் தேர்வாளர் உடனே கண்டுகொள்வார். வீட்டில் யாரேனும் ஒருவர் நாள்தோறும் ஒரு பொருளைச் சொல்ல, இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசிப் பழகுங்கள். கேட்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்!

முன்னர்ச் சொன்ன பெண் கட்டுரைக் கட்டைப் பரண்மேல் போட்டாள். மூன்று மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், புதிய வினா ஒன்றுக்குத் தானே விடை எழுதினாள். ஆங்கிலம் அறிந்த அண்டை வீட்டு ஆசிரியை ஒருவர் சிவப்பு மையால் திருத்தித் தந்தார். திருத்திய பிழைகளை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வந்தாள். ஒரே பிழை மூன்றாம் முறை வந்தால் அவளுக்கே வெட்கமாயிற்று. மறுமுறை எழுத்தில் 7 வந்தது. வளையலும் பின்னர் மீண்டது.

"வினாத்தாள் முன்னதாகவே தருகின்றோம்" என்று பணம் கேட்போர் உளர். அவர்களை வாயிலோடு அனுப்பிவிடுங்கள். மதிப்பு பொதுவாக இரண்டாண்டுக்கே ஏற்கப்படுவதால், போகும் காலத்தை நிச்சயித்துக்கொண்டு எழுதுங்கள். நாளைக்கு ஒரு மணி நேரம், நாள் தவறாமல் என்பதே நாம் கூறும் கணக்கு. வந்த ஊரின் மொழியைப் பேசிப் பேசியே நமதாக்கிக்கொண்டவர்கள் நாம். இந்த மொழியும் அவ்வழியே நமக்கு வசப்படும். பரீட்சைக்குப் போகும் நம் பிள்ளைகள் அச்சமின்றிப் போய் வருக!