புதிய பணியும் எதிர்பாராத ஆசானும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் பட்டம் பெறுகின்றனர். தேர்வெழுதிப் பணியிலும் அமர்கின்றனர். அதனை நாம் கொண்டாடுகிறோம். ஆயின், பணியில் சேர்ந்த முதல் சில திங்கள்களில் அவர்களை வாட்டும் தனிமையைப் பற்றி நாம் பேசுவதில்லை. கோப்பினை எவ்வாறு நடத்துவது, எதனை எழுத்தில் கேட்பது, எதனை வாய்மொழியாகச் சொல்வது என்பனவற்றைப் பிறர் வீட்டுப் பிள்ளைகள் தந்தையிடமும் மாமனிடமும் கேட்டறிகின்றனர். நம் வீடுகள் பலவற்றில் அத்தகைய பணியை முன்னர்ப் பார்த்தவர் எவருமிலர். எனவே நமக்கு ஆசான் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அவர் எவ்வுருவில் வருவார் என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

நம் பழனி மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையத்தை நாம் அறிவோம். 1907-ஆம் ஆண்டு சனவரியில் அங்கே உதவி இயக்குநராக வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர். அப்பொழுது அவருக்கு வயது 42. பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். அதுவரை இலண்டன் வணிக நிறுவனம் ஒன்றில் வேதிப்பொருள்களைச் சோதிக்கும் பணியிலிருந்து, ஓய்வு நேரங்களில் மட்டும் வானத்தை ஆராய்ந்தவர்.

அவரை ஊக்குவித்தவர் எவர்? ஆர்தர் கௌப்பர் ரானியார்டு என்னும் வழக்கறிஞர்! அறிவியல் இதழொன்றையும் நடத்தியவர் அவர். அவருடைய 18 அங்குலத் தொலைநோக்கியே எவர்ஷெட்டின் கைக்கு வந்து, ஆராய்ச்சிக் கருவியாயிற்று. பின்னர் அவரைக் கொடைக்கானல் பணிக்குப் பரிந்துரைத்தவர் வில்லியம் ஹக்கின்ஸ். அவரும் பல்கலைக்கழகம் செல்லாதவரே. குடும்பத்தின் துணிக்கடையை நடத்திய பின்னர் வானியலறிஞரானவர். சட்டம் பயின்றவரும் துணி விற்றவரும் ஒருவரை விஞ்ஞானியாக்கினர் என்றால், ஆசான் நம் துறையிலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை அன்றோ?

இன்னுமொரு செய்தி உண்டு. சூரியக் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் உண்டென 1908-இல் கண்டவர் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் எல்லரி ஹேல். கரும்புள்ளிகள் சுழல்காற்றைப் போன்றவை என்று அவர் கருதினார். கொடைக்கானலில் எவர்ஷெட் அச்சுழற்சியைத் தேடினார். 1909 சனவரியில் அவர் கண்டதோ வேறு. கரும்புள்ளியைச் சூழ்ந்த மங்கிய வளையத்தில் வாயு சுழலவில்லை. நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி ஓடியது. அதுவே இன்று உலகெங்கும் 'எவர்ஷெட் விளைவு' எனப்படுகிறது. பெரியவர் காட்டிய திசையில் நோக்கினார். தம் கண் கண்டதையே எழுதினார். ஆசானுக்குச் செய்யும் மரியாதை கண்ணை மூடிக்கொள்வதன்று என்பதை இதனால் உணர்கிறோம்.

எனினும் ஒன்றை மறைத்தல் கூடாது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஓர் ஆங்கிலேயருக்குக் கதவுகள் எளிதில் திறந்தன. நமக்கு அவ்வாறில்லை. அதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று.

பூங்காவில் அமர்ந்து நாள்தோறும் படித்த மாணவரைக் கண்டு, தாமே வந்து பேசியவர் மராத்தி எழுத்தாளரும் ஆசிரியருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலூஸ்கர். அம்மாணவர் மெட்ரிகுலேஷன் தேறியபொழுது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மேற்படிப்புக்குப் பொருளின்றித் தவித்த வேளையில் பரோடா மன்னரிடம் அழைத்துச் சென்று, மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். உறவினரல்லர், கடமைப்பட்டவருமல்லர்.

அதே பரோடாவில் 1917-இல் பணியேற்கச் சென்ற அண்ணலுக்கு நேர்ந்ததென்ன? கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்றவருக்குக் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூக்கியெறிந்தனர். தங்குவதற்கு இடமில்லை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடிகளேந்திய கூட்டத்தால் விரட்டப்பட்டார். அங்கே அவர் தம்மைத் திருத்திக்கொள்ள எதுவுமில்லை. திருந்த வேண்டியது அவ்வலுவலகமே. ஆகவே இளைஞர்களே, தொழில் தெரியாத தடுமாற்றம் வேறு. சாதி இழைக்கும் அவமதிப்பு வேறு. முன்னதற்கு ஆசானை நாடுங்கள். பின்னதற்குச் சட்டத்தையும் அமைப்பையும் நாடுங்கள். இரண்டையும் ஒன்றெனக் கருதி, உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

நல்ல ஆசானை அறிவது எப்படி? தம் கருவியை, தம் நூலை, தம் நேரத்தை உங்களுக்குத் தருவார். உங்களைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாமல் அடுத்த வாயிலுக்கு அனுப்புவார். நீங்கள் மாறுபட்டுச் சொல்லும் உண்மையையும் கேட்பார். அவர் பக்கத்து மேசை எழுத்தராக இருக்கலாம். ஓய்வு பெறவிருக்கும் கடைநிலை ஊழியராகவும் இருக்கலாம். கேட்பதற்கு நாணாதீர்கள்.

ஆனால் தற்செயலை நம்பி ஒரு சமுதாயம் வாழ முடியாது. பூங்காவில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு கெலூஸ்கர் காண்பதில்லை. ஆதலின் இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பணியிலிருப்போர், ஓய்வு பெற்றோர் ஆகியோரின் பெயரும் துறையும் கொண்ட பதிவேடு ஒன்று இவ்வாண்டே தொடங்கப்பட வேண்டும். புதிதாய்ப் பணியேற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிலிருந்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். முதல் ஓராண்டு, மாதம் ஒரு முறையேனும் அவர்கள் சந்திக்க வேண்டும். கட்டடம் எழுப்பப் பொருள் வேண்டும். இதற்கு வேண்டுவது ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரமே.

அப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் தம் பெயரை எழுத முன்வருவோர், இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தெரிவிக்குமாறு வேண்டி அமைகிறோம்.